உன் கல்யாண நாளில் எனக்கு இங்கிலீஷ் பரீட்சை

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கொழும்பில் குளிர் இல்லை, அட்டைக்கடி இல்லை, அம்மாவும் இல்லை, உனக்கென்ன குறை? இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படிக்கட்டும். உன் ஆபீஸில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை, நம் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. அந்த அளவுக்குத்தான் இரக்கம் மிச்சம் இருக்கிறது.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கொழும்பில் உனக்குக் கல்யாணம். அதே புதன்கிழமை காலையில் ஹட்டனில் எனக்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண தர இங்கிலீஷ் பரீட்சை. நான் பரீட்சைக்குப் போகிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் பாத பூஜைக்கு இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்றில் உன் அப்பா உட்கார்ந்திருப்பார், மற்றது காலியாக இருக்கும். சித்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. நான் அவளிடம் பேசிவிட்டேன். செத்தாலும் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நாள் குறித்த அன்றைக்கே உன்னிடம் போனில் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்குப் பரீட்சை இருக்கேப்பா."

"என்ன பரீட்சை? யாருக்கு?"

"எனக்குத்தான். இங்கிலீசு."

நீ சிரித்தாய். பக்கத்தில் யாரோ என்னவென்று கேட்க, "நத்திங், நத்திங்" என்றாய். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அம்மா, வெளையாடாதீங்க. அடுத்த வருசம் எழுதிக்கலாம். பரீட்சை எங்க ஓடிப் போயிறப் போகுது?" என்றாய். பரீட்சை ஓடாதுதான். கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தால் பெண்ணும்தான் ஓடிப்போக மாட்டாள். அன்றைக்கு அதைச் சொல்லாமல் வாயை அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளிக்கு வந்தபோது உன் கம்பெனிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாய். ஒரு பக்கம் முழுக்க நீ. கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். கீழே பூராவும் இங்கிலீஷ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்தின் மேல் விரலை வைத்து, "என்னாப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "அது உங்களுக்குப் புரியாதும்மா, படத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நீயே அந்தப் பக்கத்தை வெட்டி, ஹட்டனில் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனாய். நாள் தவறாமல் சாமிக்கு விளக்கேற்றும்போது உன்னையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். அவர்கள் கேட்டால் நானும் அதையேதான் சொன்னேன், எழுத்து நமக்குப் புரியாது, படத்தைப் பாருங்கள் என்று.

எத்தனை நாளைக்குப் படத்தையே பார்ப்பது? சொந்த மகனைப் பற்றி எழுதியிருப்பதைச் செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது நானே வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஆமாம், கேட்டுக்கொள். உன்னைப் பெருமையாக வாசிக்கத்தான் நான் இங்கிலீஷ் படிக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் றொசல்லைக்கு இறங்கி நடந்து, பஸ் ஏறி, ஹட்டன் டியூஷன் வகுப்புக்குப் போனேன். முதல் நாள் வாசலில் நின்ற என்னைப் பார்த்து மிஸ், "ஆன்ட்டி, பிள்ளை வரலீங்களா?" என்று கேட்டார். "பிள்ளை கொழும்புல இருக்கானுங்க. நான்தான் படிக்க வந்தேன்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸுக்கு உன்னை விட மூன்று வயது குறைவு. சிரிக்காமல், கடைசி வாங்குப் பலகையில் எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அந்த ஒன்றுக்காகவே அவர் நன்றாக இருக்கட்டும்.

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வார்த்தையை மண்டைக்குள் ஏற்றுவது எவ்வளவு பாடு தெரியுமா? காலையில் ஏற்றினால் மத்தியானம் இறங்கிவிடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கின் உள்பக்கம், சின்னப் பொலித்தீன் பையில் ஒரு துண்டுக் கடுதாசியை ஊசி குத்தி வைத்துக்கொள்வேன். விடிகாலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறியதும், ஒரு நிரைத் தேயிலைச் செடிக்கு ஒரு வார்த்தை. கை கொழுந்தைக் கிள்ளும், வாய் எழுத்துக் கூட்டும். நிரை முடிவதற்குள் அந்த வார்த்தை எனக்குச் சொந்தம். கங்காணி பார்த்துவிட்டு, "என்னா, இங்கிலீசு படிச்சுத் தொரைசாணி ஆகப் போறியா?" என்று நக்கலடித்தார். "ஆமாங்க. ஆனதும் மொதக் கடுதாசி ஒங்களுக்குத்தான் வரும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் நிரைப் பக்கமே வரவில்லை.

வார்த்தை படித்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். பிள்ளைகள் பூனை, மழை, கிரிக்கெட் என்று எழுதுவார்கள். என் வாக்கியம் எல்லாவற்றிலும் நீதான். 'பிரவுட்' வந்தது, மை சன் மேக்ஸ் மீ பிரவுட் என்று எழுதினேன். 'பிஸி' வந்தது, நீ போனை எடுக்காத நாள்கள் ஞாபகம் வந்தன. ஒரு கொப்பி முழுக்க உன்னைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறேன். அடுத்த நிரையில் நிற்கும் ராக்கம்மா காலையிலேயே கேட்பாள், "இன்னைக்கு மகனப் பத்தி என்னா வார்த்தைக்கா?" என்று. அந்தக் கொப்பியை நீ வாங்கிப் படிக்க வேண்டும். கடைசிப் பத்துப் பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்னால் உன் பக்கத்தை வாசித்தேன். பந்தி வாசித்து விடை எழுதுவதற்கு மிஸ் ஒரு முறை சொல்லித் தந்திருக்கிறார். முதலில் கேள்வியைப் படி. பிறகு பந்தியைப் படி. விடை பந்திக்குள்ளேயே இருக்கும், நீயாகக் கற்பனை பண்ணி எழுதாதே. விடை எழுதும்போது ஒற்றை வார்த்தையில் எழுதாதே, முழு வாக்கியமாக எழுது. பழைய வினாத்தாள் ஏழெட்டுச் செய்துவிட்டேன், ஓரளவுக்குப் புள்ளியும் வந்தது. இனி வாசிக்கலாம் என்று தைரியம் வந்து, ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று மத்தியானம் சட்டத்தைக் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தேன். கேள்விகளை நானே தமிழில் எழுதிக்கொண்டேன். இவர் எங்கே பிறந்தார்? எந்தப் பாடசாலையில் படித்தார்? இவருடைய அம்மா யார்?

மூன்றாவது கேள்விக்குத்தான் ஆசையாக உட்கார்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அம்மாவைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று தெரியும். மழையில் நனைந்து என்னைப் படிக்க வைத்தார்கள் என்று எழுதியிருப்பான், அட்டை கடித்த காலோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள் என்று எழுதியிருப்பான் என்றெல்லாம் நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டேன். பண்ணாதே என்று மிஸ் சொன்னதைத்தான் பண்ணினேன். ஒரு வரி இருந்தது. மை ஃபாதர் வொர்க்ட் இன் த டீ இண்டஸ்ட்ரி. மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர். அப்பா ஸ்டோரில், தோட்டத்து ஃபாக்டரியில், தேயிலை அரைத்தவர், அது சரிதான். அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தெரியாது. அகராதியை எடுத்தேன். வேறு வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து வீட்டைக் கவனிப்பவர் என்று போட்டிருந்தது.

அடப்பாவி! முப்பத்தோரு வருடம்! முப்பத்தோரு வருடம் நான் எந்த வீட்டில் இருந்தேன்? உன்னைப் பெற்று, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் போட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டினவள். நீ பால் குடிக்கும் வயதில், மார்பு கட்டிச் சட்டை நனைய நிரையில் நின்றவள். என் வீட்டுச் சுவரில், சாமிக்குப் பக்கத்தில், எனக்கு வேலையே இல்லை என்று எழுதி, அதை என்னையே கும்பிட வைத்தாய். இவளுக்கு எங்கே வாசிக்கத் தெரியப்போகிறது என்ற தைரியம்தானே அது? நான் வாசிப்பேன் என்று நினைத்திருந்தால் மாட்டியிருப்பாயா?

பெண் கேட்டுப் போன அன்று உன் மாமியார் என்னிடம், "பகல் முழுக்க வீட்டுலயே இருக்க உங்களுக்கு அலுப்பா இல்லையா?" என்று தமிழில்தான் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கங்க, பொழுது விடிஞ்சா மலைக்கு..." என்று ஆரம்பித்தேன். நீ குறுக்கே விழுந்து, "அம்மா காலையிலயே கோயிலுக்குப் போயிருவாங்க, அப்புறம் பூச்செடி அது இதுன்னு இருப்பாங்க" என்று சிரித்தாய். பிள்ளை வெட்கத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி நீ கண்ணைக் காட்டியதும் இப்போதுதான் விளங்குகிறது. நான் வாசித்த முதல் உருப்படியான இங்கிலீஷ் வரி எனக்கு அந்த நாள் முழுவதையும் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டது.

கோபத்தில் சட்டத்தை உடைக்கத் தூக்கினேன். பெரட்டுக்குப் போகிற கோலத்திலேயே, படங்கும் கூடையுமாக உன் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கலாமா என்றும் யோசித்தேன். உன் அப்பா ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாதவர், உனக்குத் தெரியும். அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார், "எலுமிச்சம்பழம் ஞாபகம் இருக்கா ஒனக்கு?" என்று. அவ்வளவுதான். எனக்குத் தூக்கிய கை இறங்கிவிட்டது.

உனக்கும் ஞாபகம் இருக்கும். நீ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய பிறகு, டவுன் பாடசாலையில் உன்னைச் சேர்க்கப் போன நாள். காலையில் இரண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்து, விரலில் ஏறியிருந்த கொழுந்துக் கறை போகும்வரை தேய்த்தேன். வெடிப்பில் சாறு பட்டு எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, "அம்மாவுக்கு என்ன தொழில்?" என்று உன்னைக் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தொழில் ஒன்னும் இல்லீங்க சேர். வீட்டுலதான் இருக்கேன்." நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நீங்க கொழுந்துக்குத்தானேம்மா போறீங்க?" என்று சத்தமாகக் கேட்டாய். உன் தொடையில் கிள்ளினேன். "யாரு கேட்டாலும் அம்மா வீட்டுல இருக்காங்கன்னு சொல்லு. வேற எதாச்சும் வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்." பத்து வயதுப் பிள்ளை தலையை ஆட்டினாய். கண்ணில் தண்ணீர் நின்றது. அது கிள்ளியதால் வந்தது என்று அன்றைக்கு நினைத்தேன்.

தோட்டத்து லயத்துப் பிள்ளை என்று உன்னைப் பின் வாங்கில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. அதற்காகச் செய்தேன். பெற்றோர் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் எலுமிச்சம்பழம் அறுத்தேன், ராக்கம்மாவின் சேலையை இரவல் வாங்கிக் கட்டினேன். எட்டு வருடம் கையைக் கழுவிக் கழுவி உனக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறேன், அம்மாவின் வேலை மறைக்க வேண்டிய வேலை என்று. நீ கெட்டிக்காரப் பிள்ளை, எந்தப் பாடத்தையும் மறந்ததில்லை. நான் தமிழில் சொன்ன பொய்யை நீ இங்கிலீஷில் எழுதினாய். தப்பு என்னுடையது. அதை நாலு பேர் படிக்கிற பத்திரிகையிலேயே ஒத்துக்கொள்கிறேன், நீயும் ஒத்துக்கொள்ளக் கற்றுக்கொள்.

ஒத்துக்கொண்டதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துப் பெருமூச்சு விடாதே. நான் பொய் சொன்னது உன்னை அந்த வாசலுக்குள் தள்ளிவிட. நீ சொன்னது என்னை வெளியே நிறுத்திவைக்க. இரண்டும் ஒன்றாகாது. நான் பயந்த காலத்தில் எனக்குத் தமிழ் எழுத்துக்கு மேல் எதுவும் தெரியாது, நீயோ நாலு பேருக்குச் சம்பளம் நிர்ணயிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பயப்படுகிறாய். அன்று தொடங்கித்தான் கொப்பியின் கடைசிப் பத்துப் பக்கம். 'அஷேம்ட்' என்ற வார்த்தைக்கு மை சன் இஸ் அஷேம்ட் ஆஃப் மை ஹேண்ட்ஸ் என்று எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் சரி போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'ரிவெஞ்ச்' என்பதற்கு வாக்கியம் கேட்டபோது, வகுப்பு முடியட்டும், காட்டுகிறேன் என்றேன். அந்த வாக்கியம்தான் இந்தக் கடிதம்.

இனி நான் செய்ததையும் செய்யப்போவதையும் சொல்கிறேன். முதலாவது, சட்டத்தை உடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அந்த ஒரு வார்த்தையைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, மேலே டீ பிளக்கர் என்று இங்கிலீஷில் எழுதி, அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் இங்கே விருந்துக்கு வருவார்கள் அல்லவா? உன் மாமியார் அதற்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவார். எங்கள் வீட்டில் வேறு நாற்காலி இல்லை. இரண்டாவது, பரீட்சை அனுமதி அட்டையில் கையெழுத்து வாங்கக் கிராம சேவகரிடம் போனபோது அவர் சிங்களத்தில் தொழில் என்ன என்று கேட்டார். தே தளு, கொழுந்து பறிக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஹொந்தய் அம்மே", நல்லதம்மா என்று கையெழுத்துப் போட்டார். இவ்வளவுதான் விஷயம் மகனே. வானம் இடிந்து விழவில்லை.

கல்யாணம் பண்ணப்போகிறவனுக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. போனில் என்னை 'மாமி' என்று கூப்பிடும்போது குரலில் பாசம் இருக்கிறது. அவளிடம் என்னைப் பற்றி நீ சொன்ன பொய்யை எவ்வளவு நாள் காப்பாற்றுவாய்? நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், அதையும் கிள்ளி வைக்கத்தானே வேண்டியிருக்கும்? கிள்ளினவள் சொல்கிறேன், கேள். அது தொடையோடு நிற்காது.

பரீட்சை இரண்டு வினாத்தாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். வெளியே வந்ததும் கொழும்பு பஸ் ஏறிவிடுவேன். கினிகத்தேனை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், பரவாயில்லை, எலுமிச்சம்பழம் ஒன்றை மோந்துகொண்டு வருகிறேன். அன்றைக்கு அது மோந்துபார்க்க மட்டும்தான். விரலில் தேய்க்க மாட்டேன். முதல் நாள் வரை மலைக்குப் போவேன், கறை நன்றாகவே இருக்கும். இரவு விருந்தில் உன் ஆபீஸ்காரர்கள் வந்து கை கொடுப்பார்கள், நானும் கொடுப்பேன். என்ன செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில் சொல்லுவேன். நீ பக்கத்தில் வந்து நின்று மொழிபெயர்க்க வேண்டாம், எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அது இரவு. காலையில் நீ தனியாகத்தான் நிற்பாய். நானும் ஹட்டனில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். பெற்ற ஒரே பிள்ளை தாலி கட்டுவதை நான் பார்க்கப் போவதில்லை. உன்னைப் பழிவாங்குவதற்காக இவ்வளவு பெரிய நஷ்டத்தை என் தலையில் நானே போட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போது அழுகிறேன், அதையும் எழுதி வைக்கிறேன். பேனாவைக் கீழே வைக்க மாட்டேன்.

அங்கே பாத பூஜைக்கு நீ செம்போடு குனிவாய். அப்பாவின் காலைக் கழுவுவாய். பக்கத்து நாற்காலி சும்மா இருக்கும். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கும். ஐயர் கேட்பார், "மாப்பிள்ளையோட அம்மா எங்க?" என்று. உன் மாமியாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். உனக்கு அதுதான் கேள்வி, மகனே. ஒன்றே ஒன்று. விடை எங்கேயும் தேட வேண்டியதில்லை, இந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. நீயாகக் கற்பனை பண்ணிச் சொல்லாதே. கோயில், பூச்செடி, தலைவலி என்று ஒற்றை வார்த்தையில் தப்பிக்கப் பார்க்காதே. நான் என்ன வேலை செய்கிறேன், அந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று, முழு வாக்கியமாகச் சொல். உன் அப்பா பக்கத்திலேயே இருப்பார். நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எனக்குச் சொல்லுவார்.

நான் திருத்துகிறேன்.

அம்மா